ஆறு பவுண்டுக்குப் பிறகு

ஸ்டெஃபனி ஷெர்லியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆறு பவுண்டில் தொடங்குகிறார்கள். 1962-ல் இங்கிலாந்தில் ஒரு பெண் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஆறு பவுண்டு முதல் போட்டு, ஒரு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் அதில் 8,000 பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். ஊழியர்களில் 70 பேர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். கதை இவ்வளவுதான். மேசையிலிருந்து கோடிக்கு ஒரே தாவல்.

அந்தத் தாவலில் முப்பது ஆண்டுகள் விடுபட்டுப்போகின்றன. தனி ஒருத்தியாக எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தவர் எப்படிப் பலரோடு சேர்ந்து செய்கிறவரானார்? அவர் இல்லாத நாளிலும் அந்த வேலை எப்படி நடந்தது? இந்தக் கேள்விகளோடு அவர் வாழ்க்கையைப் படித்தவர்கள் குறைவு. பெண்களின் தொழில் வரலாற்றை எழுதும்போது நாமும் தொடங்கிய நாளையே கொண்டாடுகிறோம். தொடங்கியது ஏன் நிலைத்தது, ஏன் நிலைக்கவில்லை என்று கேட்பதில்லை.

எனக்கு இதைக் கேட்கச் சொந்தக் காரணம் உண்டு. ஒன்பது ஆண்டுகள் என் வீட்டு முன்னறையில் டி.டி.பி. வேலை செய்தேன். புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுப்பது. வேலை பெருகியபோது இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டேன். அவர்கள் மாலையில் முடித்துவிட்டுப் போன பக்கங்களை, எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்து நானே மறுபடியும் செய்தேன். யாருக்கு என்ன விலை சொல்வது, எந்தப் புத்தகம் என்றைக்குப் போக வேண்டும், யார் பாக்கி வைத்திருக்கிறார்கள் எல்லாம் என் தலைக்குள் இருந்தன. அம்மா படுத்த படுக்கையானபோது மூன்று மாதம் என்னால் கணினி முன்னால் உட்கார முடியவில்லை. அதோடு அந்தத் தொழில் முடிந்தது. அந்த இரண்டு பெண்களுக்கும் வேலை நன்றாகவே தெரியும். தொழில் தெரியாது, ஏனென்றால் அதை நான் சொல்லித்தரவில்லை. “ஒண்டியாளாக நின்று நடத்தினேன்” என்று பல ஆண்டுகள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஷெர்லியைப் படித்த பிறகு அந்தப் பெருமையைச் சொல்ல வாய் வரவில்லை.

வெளியே அனுப்பப்பட்டவர்கள்

அவர் 1933-ல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் வேரா புக்தால் என்ற பெயரோடு பிறந்தார். தந்தை யூதர், நீதிபதி. நாஜி ஆட்சியில் அந்தப் பதவி பறிபோனது. 1939 ஜூலையில், ஐந்து வயதில், ஒன்பது வயது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வியன்னாவில் ரயிலேறினார். நாஜிகளின் பிடியிலிருந்து ஏறத்தாழ 10,000 குழந்தைகளைப் பெற்றோர் இல்லாமல் பிரிட்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்த ‘கிண்டர்டிரான்ஸ்போர்ட்’ முயற்சியின் ரயில் அது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு தம்பதி இருவரையும் வளர்த்தார்கள். பெற்றோர் உயிர் பிழைத்தார்கள். ஆனால் அறுந்த ஒட்டுதல் பிறகு ஒட்டவே இல்லை என்று ஷெர்லி சொல்லியிருக்கிறார். காப்பாற்றப்பட்ட உயிர் வீண் இல்லை என்று ஒவ்வொரு நாளும் நிரூபிக்க வேண்டும் என்ற தவிப்பு தன்னை வாழ்நாள் முழுதும் ஓட்டியது என்றும் சொல்லியிருக்கிறார்.

அவர் படித்த பெண்கள் பள்ளியில் அவருக்கு வேண்டிய கணிதம் சொல்லித்தர ஆளில்லை. அனுமதி வாங்கி, பக்கத்து ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் படித்தார். 18 வயதில் லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரின்போது சங்கேதச் செய்திகளை உடைக்கக் கொலோசஸ் கணினியை உருவாக்கிய டாமி ஃபிளவர்ஸ் இருந்த இடம் அது. பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று ஆறு ஆண்டுகள் போராடிக் கணிதப் பட்டம் வாங்கினார்.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் அலுவலகங்களில் பெண்ணின் இடம் எது என்பதை மார் ஹிக்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 2017-ல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். கணக்கிடும் இயந்திரங்களை இயக்குவது தட்டச்சு போலப் பெண்களின் வேலையாகவே கருதப்பட்டது. 1950-களின் நடுவில் அரசு ஊழியர்களுக்குச் சம ஊதியம் படிப்படியாக வந்தபோதும், இயந்திரங்களை இயக்கிய பெண்களுக்கு அது கிடைக்கவில்லை. அந்தப் பிரிவில் ஆண்களே இல்லை. ஆகவே யாரோடு ஒப்பிட்டுச் சமமாக்குவது என்பது அரசின் வாதம். பெண்கள் மட்டும் செய்ததாலேயே அந்த வேலை மலிவானது, மலிவானதாலேயே சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போனது.

மணமான பெண்கள் அரசுப் பணியிலிருந்து விலக வேண்டும் என்ற விதியை 1946-ல் நீக்கிவிட்டார்கள். விதி போனாலும் வழக்கம் போகவில்லை. குழந்தை வந்தால் பெண் வீட்டுக்குப் போவாள் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பேறுகால விடுப்பைச் சட்டபூர்வ உரிமையாக்கும் சட்டம் 1975-ல்தான் இயற்றப்பட்டது. ஆகவே 1960-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒரு விசித்திர நிலை இருந்தது. நிரல் எழுதத் தெரிந்த ஆட்கள் கிடைக்கவில்லை என்று நிறுவனங்கள் தவித்தன. நிரல் எழுதத் தெரிந்த பெண்கள் வீடுகளில் கைக்குழந்தையோடு இருந்தார்கள்.

இது பிரிட்டனில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் எல்சி ஷட் என்ற கணித அறிஞர், கருவுற்றதால் வேலையை விட வேண்டிவந்து, 1950-களின் இறுதியிலேயே வீட்டிலிருந்து நிரல் எழுதும் தாய்மார்களைச் சேர்த்து ஒரு நிறுவனம் தொடங்கியிருந்தார். கடலுக்கு இரு பக்கமும் ஒரே கதவு சாத்தப்பட்டதால் ஒரே மாதிரியான சன்னல் திறந்தது.

‘ஸ்டீவ்’ என்ற ஒற்றை ஆள்

1959-ல் டெரிக் ஷெர்லி என்ற இயற்பியலாளரை மணந்தார். அஞ்சல் துறையை விட்டு, கணினி வடிவமைக்கும் சிறிய நிறுவனம் ஒன்றுக்குப் போனார். அங்கே ஒரு கூட்டத்தில் விலை நிர்ணயம் பற்றிப் பேசப்போனபோது, அது உங்கள் வேலையில்லை என்று வாயை அடைத்தார்கள். நிரல் எழுதலாம், அதை என்ன விலைக்கு விற்பது என்று யோசிக்கக் கூடாது. அவர் வேலையை விட்டார்.

ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் என்று பெயர் வைத்து 1962-ல் தொடங்கியபோது பலர் சிரித்தார்கள். கணினி வாங்கினால் மென்பொருள் கூடவே இலவசமாக வந்த காலம் அது. ஐ.பி.எம். நிறுவனமே மென்பொருளுக்குத் தனி விலை போடுவதாக அறிவித்தது 1969-ல்தான். விலையில்லாத பொருளை விற்கப்போகிறாள், அதுவும் ஒரு பெண், அதுவும் வீட்டிலிருந்து! கணவரின் அனுமதி இல்லாமல் வங்கிக் கணக்குகூடத் தொடங்க முடியாத காலம் அது என்று பின்னாளில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் அனுப்பிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. ஸ்டெஃபனி என்று போடுவதற்குப் பதிலாக ‘ஸ்டீவ்’ என்று கையெழுத்துப் போட்டுப் பார் என்றார் கணவர். பதில்கள் வரத் தொடங்கின. நேரில் போய்க் கை குலுக்கும்போதுதான் வந்திருப்பவர் பெண் என்று அவர்களுக்குத் தெரியும். கடைசிவரை அந்தப் பெயர் நிலைத்தது. நண்பர்களுக்கும் அவர் ஸ்டீவ்தான்.

இந்தப் பெயர் மாற்றத்தை ஒரு சாமர்த்தியமாகவே எல்லோரும் சொல்கிறார்கள். அதில் ஒரு பொறியும் இருந்தது. ‘ஸ்டீவ்’ தனியாக உள்ளே போகலாம். ஒருத்தி ஆண் பெயரில் கதவைத் தாண்டினால் கதவு அப்படியே இருக்கும், அடுத்தவளும் ஓர் ஆண் பெயர் தேட வேண்டும். ஷெர்லி அதோடு நின்றிருந்தால் திறமையான ஒரு தனி ஆளாகவே வாழ்ந்து முடித்திருப்பார். வருமானமும் ஓரளவு வந்திருக்கும். அவரைப் பற்றி நான் எழுதவும் வேண்டியிருந்திருக்காது.

எப்படிப் பலரானார்

1963-ல் மகன் ஜைல்ஸ் பிறந்தான். அடுத்த ஆண்டு தொழில் லிமிடெட் நிறுவனமாகப் பதிவானது. அதே 1964-ல் ‘தி டைம்ஸ்’ நாளிதழில் ஒரு சிறு விளம்பரம் கொடுத்தார். வேலையை விட்டு நின்ற பெண் நிரலாளர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை உண்டு என்று சொன்ன அந்த விளம்பரம், பெண்ணியத்தை எதிர்ப்பவர்களுக்கு இங்கே இடமில்லை என்பதையும் குறும்பாகச் சேர்த்திருந்தது. கடிதத்தின் அடியில் ஸ்டீவாக ஒளிந்துகொண்டவர் விளம்பரத்தில் ஒளியவில்லை. வேலை கொடுக்கும் ஆண்களுக்கு ஒரு முகம், வேலை தேடும் பெண்களுக்கு ஒரு முகம். முதல் 300 ஊழியர்களில் ஆண்கள் மூன்றே பேர்.

வேலை கேட்டு வருகிறவரிடம் வீட்டில் தொலைபேசி உண்டா என்பது ஒரு முக்கியக் கேள்வியாக இருந்தது. அன்று அது சாதாரணக் கேள்வி இல்லை, பல வீடுகளில் தொலைபேசி கிடையாது. கணினியோ யார் வீட்டிலும் கிடையாது. நிரலைப் பென்சிலால் தாளில் எழுதுவார்கள். எழுதியதை வரி வரியாக மனதிலேயே ஓட்டிப் பார்த்துத் திருத்துவார்கள். தாள்கள் தபாலில் போகும், அட்டைகளில் துளையிடப்படும், வாடகைக்கு எடுத்த கணினி நேரத்தில் ஓடும். வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைக்கும்போது பின்னணியில் குழந்தை அழக் கூடாதே! தட்டச்சு ஓசையை ஒலிநாடாவில் பதிந்து வைத்து, பேசும்போது ஓடவிட்டார் ஷெர்லி. மறுமுனையில் இருப்பவருக்கு அது பெரிய அலுவலகமாகக் கேட்டது.

சுவையான சம்பவம்தான். என் கவனம் வேறொன்றில் நின்றது. ஓர் அலுவலகத்தில் மேலாளர் தலைகளைப் பார்த்து வேலையை அளக்கிறார். யார் எத்தனை மணிக்கு வந்தார், யார் இருக்கையில் இருக்கிறார். ஷெர்லிக்கு யாருடைய தலையும் தெரியாது. ஒருத்தி அதிகாலையில் எழுதுவார், இன்னொருத்தி பிள்ளைகள் தூங்கிய பிறகு. ஆகவே நேரத்தை விட்டுவிட்டு, செய்து முடிக்கப்பட்ட வேலையை அளக்க வேண்டியிருந்தது. அதற்கு வேலையைத் துண்டுகளாகப் பிரிக்கத் தெரிய வேண்டும். ஒவ்வொரு துண்டும் எங்கே தொடங்கி எங்கே முடியும், முடிந்ததை யார் எப்படிச் சரிபார்ப்பது என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஒருத்தியின் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அடுத்தவள் அந்தத் தாளை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடரும்படி இருக்க வேண்டும். அவர்கள் வகுத்த மென்பொருள் தர விதிகளைப் பிற்காலத்தில் நேட்டோ அமைப்பே எடுத்துக்கொண்டது என்று ஷெர்லி பெருமையோடு சொல்வதுண்டு. ராணுவக் கூட்டமைப்புக்குப் போன அந்த விதிகள் சாப்பாட்டு மேசைகளில் பிறந்தவை.

விலையிலும் இதே கதைதான். மணிக்கு இவ்வளவு என்று வாங்காமல், முழு வேலைக்கும் ஒரே விலை என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டார். அதனால் வேலை எங்கே, எத்தனை பேரால், எந்த நேரத்தில் செய்யப்பட்டது என்பது வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் முழு விலையை முன்கூட்டிச் சொல்ல, ஒரு வேலைக்கு எவ்வளவு உழைப்பு ஆகும் என்று சரியாக மதிப்பிட வேண்டும். என் டி.டி.பி. தொழிலில் என் தலைக்குள்ளேயே கிடந்து என்னோடு முடிந்துபோனது இந்த அறிவுதான். அங்கே அது தாளுக்கு வந்தது. தாளுக்கு வந்ததால் மற்றவர்களும் மதிப்பிடக் கற்றார்கள், மற்றவர்களும் குழுக்களை நடத்தினார்கள்.

அப்படி நடத்தியவர்களில் ஒருவர் ஆன் மொஃபட். 1960-களில் எடுத்த ஒரு புகைப்படத்தில் அவர் வீட்டு மேசையில் நிரல் எழுதிக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் கைக்குழந்தை. ஒலியைவிட வேகமாகப் பறந்த கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலை எழுதிய பெண்கள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். சரக்கு ரயில்களின் அட்டவணை, கிடங்குகளின் இருப்புக் கணக்கு என்று மற்ற வேலைகளும் இப்படியே நடந்தன. கான்கார்டு என்றதும் நாம் ‘ஷெர்லி செய்தார்’ என்கிறோம். மொஃபட்டின் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. தனி நாயகியின் கதை இன்னொரு பெண்ணையும் மறைத்துவிடும்.

யாருடைய வீடு, யாருடைய வேலை

வீட்டிலிருந்து வேலை என்றதும் நமக்கு உடனே வேறு காட்சிகள் வர வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்களும் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் எண்ணிக்கைக்குத்தான் கூலி. எடுத்துக்கொண்டு போகிற கட்டில் எத்தனை கழிவு என்பதை எதிர்ப்பக்கம் இருப்பவர் தீர்மானிக்கிறார். வீடு மட்டுமே எந்தப் பெண்ணையும் விடுவிப்பதில்லை. வேலையின் அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதே வேறுபாடு.

ஷெர்லியின் பெண்களுக்கு அந்த அளவுகோலில் பங்கு இருந்தது. ஆனால் அவர்கள் படித்த, நடுத்தர வர்க்கத்துப் பெண்கள். வீட்டில் தொலைபேசியும், பெரும்பாலும் கணவரின் சம்பளமும் இருந்தன. வேலை இருந்தால் காசு, இல்லையென்றால் இல்லை என்ற நிலையைத் தாங்க அது உதவியது. கணவரை நம்பி நிற்காத பெண்ணுக்கு, தொலைபேசி இல்லாத தொழிலாளி வீட்டுப் பெண்ணுக்கு, அந்த விளம்பரத்தில் இடமில்லை. இன்னொன்றும் உண்டு. குழந்தையைப் பார்ப்பது தாயின் பொறுப்பு என்பதை அந்த ஏற்பாடு கேள்வி கேட்கவில்லை. அதைச் சுற்றி வேலையை வளைத்துக் கொடுத்தது. தட்டச்சு நாடா ஓடியபோதும் குழந்தை அழுதுகொண்டுதான் இருந்தது. இதைச் சொல்வதால் அவர் செய்தது சிறிதாகிவிடாது. அது எந்த எல்லைக்குள் நடந்தது என்று தெரியும்.

1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் பொருளாதாரம் சரிந்தபோது நிறுவனம் தடுமாறியது, தப்பியது. 1974-ல் பெயர் எஃப் இன்டர்நேஷனல் ஆனது. 1975-ல் பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. பெண்களுக்கு வேலை மறுக்கக் கூடாது என்று கொண்டுவந்த சட்டம், பெண்களுக்கு மட்டும் வேலை என்ற இவர்களுடைய கொள்கையையும் சட்டவிரோதமாக்கியது. ஆண்களையும் சேர்க்க வேண்டிவந்தது. தகுதியிருந்தால் சேர்த்துக்கொண்டோம் என்று பின்னாளில் கேலியாகச் சொல்வார் ஷெர்லி. சட்டம் இரு தட்டையும் ஒரே உயரத்தில் வைத்துப் பார்த்தது, ஒரு தட்டில் நூறாண்டுச் சுமை இருந்ததைக் கணக்கில் கொள்ளவில்லை. அதற்காக அந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். லட்சக்கணக்கான பெண்களுக்கு அது கதவைத் திறந்தது. நிறுவனமும் தன் நோக்கத்தைக் குழந்தைகள், முதியோர் போன்றவர்களைக் கவனிக்கும் பொறுப்புள்ள எல்லோருக்குமானதாக மாற்றி எழுதிக்கொண்டது. கவனிக்கும் பொறுப்பு ஆணுக்கும் உண்டு என்பதைச் சட்டம் அவர்களையே எழுதவைத்துவிட்டது.

கை விடுதல்

ஜைல்ஸ் இரண்டரை வயதில், பேசத் தொடங்கியிருந்த கொஞ்சப் பேச்சையும் இழந்தான். கடுமையான ஆட்டிசம். அவன் வளர வளர வீட்டில் சமாளிப்பது கடினமானது. கூடவே வலிப்பு நோயும் வந்தது. 1970-களின் நடுவில் அவனை ஒரு மருத்துவமனையில் விட வேண்டிவந்தது. அதே காலத்தில் ஷெர்லியும் மனமும் உடலும் ஒடிந்து மருத்துவமனையில் படுத்தார். மகன், நிறுவனம் இரண்டையும் ஒரே தோளில் தூக்கியவர் அவர்.

நிறுவனம் நின்றுவிடவில்லை. இந்தக் கட்டுரையை எழுதவைத்தது இந்த ஒரு செய்திதான். ஆறு பவுண்டுக் கதையில் இதற்கு இடமில்லை, கோடிக் கதையிலும் இல்லை. தலைவி படுத்தாள், வேலை நடந்தது. ஏனென்றால் அந்த நிறுவனமே யாரோ ஒருத்தி எந்த நாளிலும் வேலைக்கு வர முடியாமல் போகலாம் என்ற எதிர்பார்ப்பின் மேல் கட்டப்பட்டது. யாருடைய குழந்தைக்கும் காய்ச்சல் வரலாம் என்று எழுதிவைத்த ஏற்பாடு, நிறுவியவருக்கே ஒரு நாள் உதவியது. ஆண்கள் நடத்திய அலுவலகங்களுக்கு இந்த எதிர்பார்ப்பு தேவைப்படவில்லை. அவர்களுடைய காய்ச்சல் குழந்தைகளை யாரோ ஒருத்தி வீட்டில் பார்த்துக்கொண்டாள்.

நம் அகப்பாடல்களில் தலைவி என்றால் காத்திருக்கிறவள். இன்றைக்குத் தலைமை ஏற்கும் பெண்ணைத் ‘தலைவர்’ என்கிறோம், பழைய சொல்லைத் தொடத் தயங்குகிறோம். தொழில் நடத்துகிறவளுக்கு இன்னொரு சொல் உண்டு: முதலாளியம்மா. முதலை ஆள்பவள். ஷெர்லி 1980-களில் அந்த முதலையே பிரித்துக் கொடுக்கத் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் நடந்த ஏற்பாட்டில் நிறுவனத்தின் கால் பங்கு ஊழியர்கள் கைக்குப் போனது. தன்னைத் தவிர யாருக்கும் அதில் செலவில்லை என்பார். 1990-களின் தொடக்கத்தில் ஊழியர்களே மேலும் பங்குகள் வாங்க, நிறுவனத்தின் கட்டுப்பாடும் அவர்கள் வசம் வந்தது. 1996-ல் பங்குச் சந்தைக்குப் போனபோது கோடீஸ்வரர்களான 70 பேர் இப்படி உருவானவர்கள். அதிர்ஷ்டத்தால் வந்ததில்லை அந்தப் பணம். அவர்கள் எழுதிய நிரலுக்குரிய பங்கு தாமதமாக வந்து சேர்ந்தது.

நிர்வாகத்தையும் 1980-களில் ஹிலரி கிராப்பரிடம் ஒப்படைத்தார். கிராப்பர் ஒரு பெரிய கணினி நிறுவனத்தில் அனுபவம் பெற்றவர். ஷெர்லி கட்டிய நிறுவனத்தை வேறு வகையாக வளர்த்தார். வீட்டு மேசைகள் குறைந்தன, அலுவலகங்கள் கூடின. தன் பிள்ளையை இன்னொருத்தி வேறு மாதிரி வளர்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதாக இருக்கவில்லை என்பதை ஷெர்லி மறைக்கவில்லை. 60 வயதில், 1993-ல், முழுவதுமாக ஓய்வு பெற்றார். 2012-ல் வெளிவந்த தன்வரலாற்றுக்கு ‘லெட் ஐ.டி. கோ’ என்று தலைப்பு வைத்தார். விட்டுவிடு என்றும் படிக்கலாம், தகவல் தொழில்நுட்பத்தை விட்டுவிடு என்றும் படிக்கலாம். வாழ்நாள் முழுதும் பிடித்துக்கொண்டிருந்தவருக்குத்தான் அந்தத் தலைப்பின் கனம் தெரியும்.

ஜைல்ஸ் 1998-ல், 35 வயதில் இறந்தான். அவனுக்காகத் தொடங்கிய இல்லம் மற்றவர்களுக்கும் இல்லமாக வளர்ந்திருந்தது. அதன் பிறகு ஆட்டிசக் குழந்தைகளுக்கான பள்ளி, ஆட்டிசம் குறித்த ஆராய்ச்சி என்று தன் செல்வத்தில் பெரும்பகுதியைக் கொடுத்தார். அவற்றையும் ஒவ்வொன்றாகத் தன் தயவில்லாமல் நடக்கும் நிறுவனங்களாக்கி விலகினார். 2025 ஆகஸ்டில், 91 வயதில் மறைந்தார்.

நிறுவனத்தின் கதை நம் ஊர் வரைக்கும் வருகிறது. 1997-ல் அது நொய்டாவில் இருந்த ஒரு மென்பொருள் நிறுவனத்தை வாங்கியது. பிறகு ஜான்சா என்று பெயர் மாறி, நொய்டா, புனே, சென்னை என்று அலுவலகங்கள் திறந்தது. 2007-ல் பிரான்சின் ஸ்டீரியா அதை வாங்கிக்கொண்டது. சென்னையில் அந்த வாசலில் அடையாள அட்டையைத் தேய்த்து உள்ளே போன பெண்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் வேலை செய்யும் இடம் ஒரு காலத்தில் அட்டையும் வாசலும் இல்லாமல் இருந்தது என்று தெரிந்திருக்கும்? கல்யாணத்துக்கோ குழந்தைக்கோ பிறகு அந்த அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். 1962-ல் ஷெர்லி தேடிப்போனது அவர்களைத்தான்.

என்னோடு வேலை செய்த இருவரில் ஒருவர் இப்போது தன் வீட்டிலேயே பக்க வடிவமைப்பு செய்கிறார். போன மாதம் பார்த்தேன். கூட ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். “அக்கா, ஆள் சேர்த்தா முதல்ல என்ன சொல்லித் தரணும்?” என்று கேட்டார். விலைப் பட்டியலை என்றேன். அதைத்தான் நான் அவருக்குக் கடைசிவரை காட்டவில்லை. அவருக்கும் அது ஞாபகம் இருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.